மகன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமை கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 2012 ஆகஸ்டில் கணவரின் ஹெச்-1பி விசாவில் வந்தோம். அப்போது மகனுக்கு 4 வயது. 2017ல் கணவருக்கு வேலை போய்விட்டது. அடுத்த கம்பெனி போட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது. இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்றே வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மூன்று பேருக்குமே விசா இல்லை. 2014ல் இங்கே பிறந்த மகள் மட்டும் அமெரிக்கக் குடிமகள்.

மகனுக்கு 18 முடிந்து மூன்றரை மாதம் ஆகிறது. பள்ளியில் நான்கு வருடமும் ஜே.ஆர்.ஓ.டி.சி. என்ற மாணவர் ராணுவப் பயிற்சியில் இருந்தான். படிப்பும் நன்றாக வரும். பள்ளிக்கு வந்த ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரி, "வெளிநாட்டில் பிறந்தவர்களும் சேரலாம், பயிற்சி முடிவதற்குள் சிட்டிசன்ஷிப் கிடைத்துவிடும்" என்று சொன்னாராம். வீட்டுக்கும் கடிதம் வந்தது. எங்கள் நிலைமை அவருக்குத் தெரியாது. போலி கிரீன் கார்டு காட்டிச் சேர்ந்த ஒருவருக்கே குடியுரிமை கிடைத்தது என்று மகனின் நண்பன் போனில் ஒரு செய்தியைக் காட்டியிருக்கிறான். அடுத்த வாரம் அந்த அலுவலகத்துக்குப் போகப்போவதாகச் சொல்கிறான். போகவிடலாமா? அவனுக்கு முடியாது என்றால், மகள் பெரியவளாகி ராணுவத்தில் சேர்ந்தால் எங்களுக்கு வழி பிறக்குமா? (பெயர் வேண்டாம், நியூஜெர்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த வாரம் தம்பி அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைக் கீழே எழுதுகிறேன், அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. 18 முடிந்து மூன்றரை மாதம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ராணுவம் பற்றிய கேள்வியைவிட எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு ஒரு கெடு இருக்கிறது. ராணுவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றும் வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தரும் சட்டப் பிரிவு ஒன்று உண்டு, குடியேற்றச் சட்டத்தின் 329ஆம் பிரிவு. 2001 செப்டம்பர் 11 முதலான காலத்தைப் போர்க்காலமாகக் கருத வேண்டும் என்று 2002 ஜூலை 3 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் ஆணை பிறப்பித்தார். அந்த ஆணைக்கு முடிவுத் தேதி எதுவும் இல்லை. அதனால் இன்றைக்குப் படையில் சேரும் கிரீன் கார்டுக்காரர் மற்றவர்களைப் போல ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பணி கண்ணியமானது என்று படை சான்று கொடுத்தால் உடனே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் கிடையாது. இந்த வழியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் குடிமக்களாகியிருக்கிறார்கள்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால் 329ஆம் பிரிவு கிரீன் கார்டைக் கட்டாயமாகக் கேட்பதே இல்லை. படையில் சேர்ந்த நேரத்தில் அந்த ஆள் அமெரிக்க மண்ணில் இருந்தாரா என்றுதான் பார்க்கிறது. இணையத்தில் தேடினால் இந்த வரிதான் கண்ணில் படும். தம்பியும் இதைப் படித்துவிட்டுத்தான் நம்பிக்கையோடு இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஆனால் குடியுரிமை கொடுப்பது ஒரு சட்டம், படையில் யாரைச் சேர்க்கலாம் என்று சொல்வது வேறு சட்டம். இந்த இரண்டாவது சட்டம் மூன்று வகையினரைத்தான் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், பிறகு மைக்ரோனேஷியா, மார்ஷல் தீவுகள், பலாவ் ஆகிய மூன்று தீவு நாடுகளின் மக்கள். தம்பி இந்த மூன்றிலும் வரமாட்டான். தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறைக் கதவு திறந்திருந்து என்ன பயன்? அதிகாரி உள்ளறையைப் பற்றிப் பேசியிருக்கிறார். தன் முன்னால் நிற்கும் பையனிடம் கிரீன் கார்டு இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்த கடிதத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயர்நிலைப் பள்ளிகள் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களை ராணுவ ஆள்சேர்ப்புப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய எல்லார் வீட்டுக்கும் போகும் கடிதம்தான் அது.

அந்தப் பூட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. நாட்டின் நலனுக்கு மிக அவசியம் என்று பாதுகாப்புத் துறை கருதினால் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருந்தது. பெயர் மாவ்னி. 2008 நவம்பரில் அனுமதி கிடைத்து 2009ல் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். மருத்துவம் தெரிந்தவர்களும் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட மொழிகளைப் பேசுபவர்களும் கிரீன் கார்டு இல்லாமலே சேரலாம் என்றார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மலையாளம், சிங்களம், இந்தி, உருது எல்லாம் இருந்தன. அடிப்படைப் பயிற்சியின் பத்து வாரம் முடியும்போதே குடியுரிமைச் சான்றிதழோடு வெளியே வந்த இந்தியப் பிள்ளைகள் உண்டு. சிறுவயதில் வந்து விசா இல்லாமல் இருப்பவர்களை நாடு கடத்தாமல் தற்காலிகமாக விட்டுவைக்கும் ஏற்பாட்டுக்கு டாக்கா என்று பெயர். 2014 செப்டம்பரில் டாக்கா பெற்றவர்களுக்கும் மாவ்னி திறந்தது. அப்படிச் சில நூறு பேர் சேர்ந்தார்கள்.

என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். திருவண்ணாமலைக்காரன், மாணவர் விசாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். தமிழ்ப் பேச்சுத் தேர்வைத் தொலைபேசியில் வைப்பார்கள் என்றதும் பயந்துபோய் என் அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தித்தாளைச் சத்தம்போட்டு வாசித்துப் பழகினான். "சார், வீட்ல பேசுற மாதிரி பேசலாமா, மேடைத் தமிழ் கேட்பாங்களா?" என்று மூன்று தடவை கேட்டான். தேர்வில் ஊரைப் பற்றியும், தீபத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பற்றியும், வறட்சி பற்றியும் பேசச் சொன்னார்களாம். நல்ல மதிப்பெண். 2016ல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அந்த வருடம் செப்டம்பரில் பின்னணி விசாரணை விதிகள் கடுமையாக்கப்பட்டன, புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது. கையெழுத்துப் போட்டவர்கள் பயிற்சிக்குப் போகாமல் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் பலருக்கு விசா தீர்ந்துபோனது. 2018ல் பலரை விலக்கியதும் அவர்கள் நீதிமன்றம் போனதும் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்திதான். இந்தப் பையனுக்கு ஒரு நிறுவனத்தில் ஹெச்-1பி கிடைத்ததால் தப்பித்தான். ஒவ்வொரு மாதமும் உடற்பயிற்சிக்கு மட்டும் போய்வந்தான், கடைசிவரை சீருடை போடவே இல்லை. அந்த ஒப்பந்தத்தின் பிரதியை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறான்.

மாவ்னி திரும்ப வந்தால் தம்பி சேரலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது நடந்துகொண்டிருந்த காலத்திலும் அவனைச் சேர்த்திருக்க மாட்டார்கள். முறையான விசா, அகதி நிலை, பிறகு டாக்கா என்று ஏதாவது ஒன்று கையில் இருந்தவர்களுக்குத்தான் அது. விசா காலம் தீர்ந்து தங்கியவர்களுக்கு என்றைக்குமே இல்லை. டாக்காவுக்கும் தம்பி தகுதி பெறமாட்டான். 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவன் பிறந்ததே 2008ல். இன்று பள்ளி முடித்து வெளியே வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லாருக்கும் இதே கதிதான். டாக்கா பிள்ளைகள் என்று நாம் சொல்லும் தலைமுறைக்கு முப்பது வயது ஆகிவிட்டது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

ராணுவ சேவையைக் குடியுரிமைக்கு வழியாக்கும் முயற்சிகள் நாடாளுமன்றத்தில் நடக்காமல் இல்லை. சிறுவயதில் வந்த பிள்ளைகளுக்காக 2001ல் முதலில் வந்த டிரீம் மசோதா, பின்னால் எடுத்த வடிவங்களில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு அல்லது இரண்டு வருட ராணுவ சேவை என்று கேட்டது. 2010 டிசம்பரில் கீழவையில் 216க்கு 198 என்று தேறியது. மேலவையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்கு வேண்டும், 55தான் கிடைத்தது. ஐந்து வாக்கு. அந்த ஐந்து வாக்கில் போன பிள்ளைகளின் முகங்கள் எனக்குத் தெரியும், அதனால்தான் எண்ணிக்கை மறக்கவில்லை. பிறகு கலிபோர்னியாவின் ஜெஃப் டென்ஹம் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், சிறுவயதில் வந்த பிள்ளைகள் படையில் சேரட்டும், கண்ணியமாகப் பணி முடித்தால் கிரீன் கார்டு கொடுப்போம் என்று தனி மசோதாவே கொண்டுவந்தார். அதையும் வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. மசோதாவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் இதுவரை வந்த எல்லா மசோதாவும் கேட்டது ஒரே மாதிரி ஆதாரங்களைத்தான்: எந்த வயதில் வந்தான், தொடர்ந்து இங்கே இருந்தானா, பள்ளி முடித்தானா, குற்றப் பதிவு இல்லாதவனா. பள்ளி மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசி அட்டை, ஜே.ஆர்.ஓ.டி.சி. சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இப்போது அந்தப் போலி அட்டை. நண்பன் காட்டிய செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஈராக் போர்க் காலத்தில் அப்படிச் சேர்ந்த இளைஞர் ஒருவரைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது படிவத்தில் எழுதும் எண்ணைக் குடியேற்றத் துறையின் கணினியில் சரிபார்க்கிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள். போலி ஆவணத்தோடு சேர முயன்றால் குடியேற்ற மோசடி ஒரு பக்கம், குற்ற வழக்கு ஒரு பக்கம். தப்பித்தவறிச் சேர்ந்துவிட்டாலும், மோசடியாகப் படையில் சேர்வது ராணுவச் சட்டத்தில் தனிக் குற்றம். குடியுரிமைக்குத் தேவைப்படும் அந்தக் கண்ணியச் சான்றே அதோடு போய்விடும்.

இதைவிடவும் நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. சேர்க்கைப் படிவத்தில் உன் குடியுரிமை என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். பையன் ஆசையில், அல்லது பக்கத்தில் நிற்பவர் "டிக் போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றதில், அமெரிக்கக் குடிமகன் என்று டிக் போட்டுவிட்டால் என்ன ஆகும்? குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிக்கொள்வதற்குக் குடியேற்றச் சட்டம் கொடுக்கும் தண்டனை ஆயுள் தடை. நாளைக்கு அவன் ஒரு அமெரிக்கப் பெண்ணை மனமொத்துக் கல்யாணம் செய்து, இரண்டு குழந்தைகளோடு கிரீன் கார்டுக்குப் போய் நின்றாலும் அந்த ஒரு டிக் எழுந்து வரும். விசா காலம் தாண்டித் தங்கியதற்கு மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. படிவம் ராணுவத்துடையது என்று இல்லை. வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் ஐ-9 படிவத்திலும் இதே கட்டம் உண்டு. நியூஜெர்சியில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது, அங்கேயும் கவனம். அடுத்த வாரம் போக வேண்டாம் என்று நான் அவசரமாகச் சொன்னதற்கு இதுதான் காரணம். உள்ளே போய் "எனக்கு விசா இல்லை" என்று உண்மையைச் சொன்னால் அரசு அலுவலகத்தில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். உண்மையை மறைத்தால் நான் மேலே சொன்னது நடக்கும். இரண்டிலும் அவனுக்கு நன்மை இல்லை.

சரி, அந்தக் கெடுவுக்கு வருகிறேன்.

விசா இல்லாமல் தங்கும் நாட்களைச் சட்டம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. 180 நாளுக்கு மேல் போய்விட்டுப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். ஆனால் 18 வயது முடியும்வரை இருந்த நாட்களை எண்ணுவதில்லை. 2017 முதல் தம்பி இங்கே இருந்த காலம் முழுவதும் இந்தக் கணக்கில் பூஜ்யம். அவனுக்கு எண்ணிக்கை தொடங்கியதே 18ஆவது பிறந்தநாளோடுதான். மூன்றரை மாதம் என்றால் ஏறத்தாழ 107 நாள் ஓடிவிட்டது. மீதி இருப்பது சுமார் 73 நாள். இந்த 73 நாளுக்குள் அவன் வெளியேறினால் மூன்று வருடத் தடையும் இல்லை, பத்து வருடத் தடையும் இல்லை. அதற்கு அப்புறம் இந்த வாய்ப்பு அவன் ஆயுசுக்கும் கிடையாது. ஆள்சேர்ப்பு அலுவலகம், தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று அலைந்தால் இந்த நாட்கள்தான் கரையும்.

வெளியேறி என்ன செய்வது? ஊருக்குப் போய், இங்கே ஒரு கல்லூரியில் இடம் வாங்கி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் முன்பு காலம் தாண்டித் தங்கியது உண்டா என்று கேட்பார்கள், உண்மையைத்தான் எழுத வேண்டும். பெற்றோர் விசா இல்லாமல் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதும் வரும். படித்து முடித்து இந்தியாவுக்குத் திரும்பிவிடுவான் என்று அதிகாரியை நம்பவைப்பது எளிதல்ல. மறுப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்றுதான் நான் பெற்றோரிடம் சொல்வேன். அமெரிக்கா இல்லாவிட்டால் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி இருக்கின்றன. இந்தியாவிலேயே படிக்கலாம், இங்கத்திய பள்ளிச் சான்றுக்குச் சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அவன் இந்தியக் குடிமகன். சீருடை போட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு தீவிரமானது என்றால் இந்தியப் படைகள் அவனுக்குத் திறந்தே இருக்கின்றன, அக்னிவீர் சேர்க்கைக்கான வயதும் அவனுக்கு இருக்கிறது. நான்கு வயதில் கிளம்பிய பிள்ளை அங்கே போய் ஒட்டுவானா என்பது வேறு விஷயம். அவனுக்கு முன்னால் இருக்கும் கதவுகளை மறைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் அவனோடு போக முடியாது. உங்கள் இருவருக்கும் 2017 முதல் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. விமானம் ஏறிய நாளிலிருந்து உங்களுக்குப் பத்து வருடத் தடை. அவன் போய் விசா மறுக்கப்பட்டால் அவன் வர முடியாது, நீங்கள் போக முடியாது. நெவார்க் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு அம்மா, அவன் அறைக் கதவை ஆறு மாதம் திறக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். போகச் சொல்லி நான்தான் ஆலோசனை கொடுத்திருந்தேன். அந்தப் பையன் இன்று நன்றாக இருக்கிறான், டொரன்டோவில் வேலை பார்க்கிறான். அம்மா இன்னும் அவனை நேரில் பார்க்கவில்லை.

இருந்துவிட்டால் என்ன? உடனே எதுவும் ஆகிவிடாது, ஆனால் நாடு கடத்தப்படும் அபாயம் நாளுக்கு நாள் இருக்கும், முறையான வேலை செய்ய முடியாது. படிப்புக்கு வழி உண்டு. நியூஜெர்சியில் மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளி படித்து முடித்தவர்களுக்கு விசா இல்லாவிட்டாலும் உள்மாநிலக் கட்டணம் என்று 2013 இறுதியில் சட்டம் வந்தது. 2018 முதல் மாநில உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இந்தச் சலுகைகளை எதிர்த்துப் பல மாநிலங்களில் வழக்குகள் நடப்பதால், சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருப்பதானால் அவனுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. அவன் எல்லை தாண்டி ஒளிந்து வரவில்லை. விசாவோடு, அதிகாரி முத்திரை குத்தி, உள்ளே வந்தவன். முறையாக உள்ளே வந்தவர், குடிமகனின் கணவர், மனைவி, பெற்றோர் என்ற உறவில் கிரீன் கார்டு கேட்டால் காலம் தாண்டித் தங்கியதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது, நாட்டைவிட்டு வெளியே போகாமலேயே வாங்கலாம். இதைச் சொன்னதும் சிலர் பெண் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காகிதத்துக்காகச் செய்யும் கல்யாணம் நிரூபணமானால் அதற்கும் நிரந்தரத் தடைதான்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தச் சட்டம்தான் அதற்கும் பதில். 2035ல் அவளுக்கு 21 ஆகும்போது அவள் உங்கள் இருவருக்கும் மனு போடலாம், நீங்கள் இங்கேயே இருந்தபடி கிரீன் கார்டு வாங்கலாம். அதற்கு அவள் ராணுவத்தில் சேர வேண்டிய அவசியமே இல்லை. படையில் இருப்பவர்களின் பெற்றோருக்கும் துணைவருக்கும் தனிச் சலுகை ஒன்று 2013 நவம்பரில் முறைப்படுத்தப்பட்டது உண்மைதான். அது முக்கியமாக எல்லை வழியாக நுழைந்தவர்களுக்கு உதவுவது. அதுவும் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அல்ல. 12 வயதுப் பெண்ணின் தலையில் இப்போதே அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். அண்ணனுக்கும் அவள் மனு போடலாம், ஆனால் அந்த வரிசை மிக நீளம், அவன் காலம் தாண்டித் தங்கியதையும் அது மன்னிக்காது.

எந்த முடிவு எடுத்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விசா இல்லாதவர்கள் உட்பட, இங்கே வசிக்கும் ஆண் பிள்ளைகள் 18 முடிந்த 30 நாளுக்குள் செலக்டிவ் சர்வீஸ் என்ற, தேவைப்பட்டால் கட்டாயப் படைச் சேவைக்கு அழைப்பதற்கான பட்டியலில் பெயர் பதிய வேண்டும். ஹெச்-4, எஃப்-1 போன்ற முறையான தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பதிவு செய்வதால் படையில் சேர்ந்ததாக ஆகாது, அதனால் குடியுரிமையும் வராது. ஆனால் 26 வயது வரை பதியாமல் விட்டால், பின்னாளில் குடியுரிமைக்குப் போகும்போது ஏன் பதியவில்லை என்று பிடித்துக்கொள்வார்கள். தாமதமானாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவனிடம் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது என்பதால் இணையத்தில் முடியாது, காகிதப் படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் விசா நிலை பற்றிக் கேள்வி இல்லை. அனுப்பும் முன் பிரதி எடுத்து வையுங்கள்.

தம்பிக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீ சேவை செய்ய ஆசைப்பட்டது தப்பில்லை. இந்த நாட்டுப் படையில் சேர்ந்தும் குடியுரிமைக்குப் போராடிய இந்தியர் ஒருவர் நீ நினைப்பதைவிட ரொம்ப முந்தியே இருந்தார். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, 1918ல் தலைப்பாகையோடு அமெரிக்கச் சீருடை போட்டார். குடியுரிமை கொடுத்தார்கள், பறித்தார்கள், திரும்பக் கொடுத்தார்கள். 1923ல் உச்ச நீதிமன்றமே அவர் குடிமகனாக முடியாது என்றது. முதல் உலகப்போர் வீரர்களுக்கென்று 1935ல் சட்டம் வந்த பிறகு, 1936ல்தான் அவருக்கு நிலைத்தது. நம் காலத்திலும், கிரீன் கார்டோடு படையில் சேர்ந்து, குடியுரிமை தானாக வந்துவிடும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டு, பிறகு ஒரு வழக்கில் சிக்கி நாடு கடத்தப்பட்ட வீரர்கள் இருக்கிறார்கள். ஹெக்டர் பராஹாஸ் என்ற பாராசூட் படை வீரர் அப்படி மெக்சிகோவின் திஹுவானாவில் வருடக்கணக்கில் இருந்து, தன்னைப்போல் வந்தவர்களுக்கு அங்கே ஒரு வீடே நடத்தி, 2018ல்தான் குடியுரிமை பெற்றுத் திரும்பினார். உனக்கு அந்தக் கதவு இன்று மூடியிருப்பது உன்னிடம் இருக்கும் குறையால் அல்ல. நான்கு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நீ. இதில் நீ செய்த தப்பு எதுவும் இல்லை, அதனால் எந்தப் படிவத்திலும் பொய் எழுதிப் புதிதாக ஒரு தப்பைச் செய்துவிடாதே.

சகோதரி, இந்த வாரமே குடியேற்றச் சட்டம் பார்க்கும் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். உரிமம் உண்டா என்று மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் பெயரைத் தேடிச் சரிபாருங்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜென்ட் வேண்டாம். போகும்போது தம்பியின் பிறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட், கணவரின் மனு நிராகரிக்கப்பட்ட கடிதம், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முக்கியமாக ஐ-94, அதாவது எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு. நீங்கள் வந்த 2012ல் அது சின்ன வெள்ளை அட்டையாக இருந்தது, விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருப்பார்கள். பிறகு விசா நீட்டித்திருந்தால் அனுமதிக் கடிதத்தின் அடிப்பகுதியில் புதிய ஐ-94 இருக்கும். அதில் என்ன தேதி இருக்கிறது, நிராகரிப்பு எந்தத் தேதி என்பதை வைத்துத்தான் 107 நாள் என்ற என் கணக்கு சரியா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அவனுடைய இந்திய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் நியூயார்க் துணைத் தூதரகத்தில் புதுப்பிக்க நாள் பிடிக்கும், அதை இன்றே பாருங்கள். போவது என்று முடிவானால் கெடுவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக டிக்கெட் போடுங்கள். சென்னையில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையைப் படமெடுத்து, போர்டிங் பாஸோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். 180 நாளுக்குள் கிளம்பினான் என்று பின்னால் காட்ட அந்த இரண்டும்தான் கையில் இருக்கும்.